அரிசி நிறைந்திருக்கிறது

நவம்பர் 14, வெள்ளி

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். வெட்கப்பட்டு எதையும் விட மாட்டேன். இந்த உறுதிமொழியைச் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழுதினேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

டைரி அப்பாவின் உப்பள முதலாளி கொடுத்தது. போன வருடத்து டைரி. அதனால் எல்லாக் கிழமையும் ஒரு நாள் பிந்தியிருக்கிறது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுச் சரியானதை எழுதுகிறேன். பொய்யான கிழமைக்குக் கீழே உண்மையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் பெயர் பிரம்மசக்தி. ஒன்பதாம் வகுப்பு. ஊர் சிப்பிக்காடு. தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். வீட்டில் அப்பா சேர்மதுரை, அம்மா சுயம்புக்கனி, நான், தங்கை ஆவுடைச்செல்வி. ஆவுடைக்கு ஐந்து வயது. அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியாது என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன். பின்னால் பயன்படலாம்.

நவம்பர் 15, சனி

மழை. உப்பளத்தில் ஐப்பசி பிறந்தால் வேலை நின்றுவிடும். பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். தை பிறந்து வெயில் ஏறினால்தான் மறுபடி வேலை. அதுவரை அப்பா வீட்டில் இருப்பார். குடைக்கம்பியை நேராக்குவார், ரேடியோவைப் பிரித்துப் பூட்டுவார். பூட்டியதும் அது முன்னைவிட மெதுவாகப் பேசும்.

நேற்று எழுத மறந்த ஒரு விஷயம். இலக்கண வகுப்பில் எஸ்தர் டீச்சர் 'மங்கலம்' நடத்தினார். மங்கலமில்லாத சொல்லை விலக்கி மங்கலமான சொல்லால் சொல்வது. 'விளக்கை அணை' என்று சொல்லாமல் 'விளக்கைக் குளிர வை' என்பது போல. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது சொல்வார்களா என்று கேட்டார். நான் எழுந்து, எங்கள் அம்மா அரிசி தீர்ந்துவிட்டால் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்பாள் என்றேன். உப்பு, எண்ணெய், புளி எதுவானாலும் அப்படித்தான். பாதி வகுப்பு கை தூக்கியது. எல்லார் வீட்டிலும் அதே கதை. புத்தகத்தில் இருப்பதை எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போகாமலே செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது.

எங்கள் அம்மா இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பு. வீட்டுக்குள் 'இல்லை' என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டது கிடையாது. பிறகு பார்ப்போம் என்பாள், வேண்டாம் என்பாள், ஆகட்டும் என்பாள். அது மட்டும் வராது.

இதனால் எனக்கு ஒரு சங்கடம். நான் உண்மையை எழுத வேண்டும். அம்மாவின் விதியையும் மீறக் கூடாது. யோசித்து ஒரு வழி கண்டேன். சாமான் விஷயத்தில் அம்மா சொன்னபடியே எழுதுவேன். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'மாற்றிப் படிக்கவும்' என்று எழுதிவிடுவேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று ஓர் ஓவியர் வந்தார். என் வாழ்க்கையில் முதல் ஓவியர்.

பெயர் நிரஞ்சன். பிறந்து வளர்ந்தது டெல்லியில். தமிழ் தெரியும், ஆனால் படிக்கட்டில் இறங்குகிறவர் போல ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார். கிராமத்துக் குடும்பங்களை வரைந்து தூத்துக்குடியில் கண்காட்சி வைக்கப் போகிறாராம். ஏழைக் குடும்பம் ஒன்று வேண்டும் என்று தெருவெல்லாம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் நின்றார். அப்பாவுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் பிடித்தது எங்கள் மேற்குப் பக்கத்து ஜன்னல். சாயங்கால வெளிச்சம் அதன் வழியாகச் சாய்வாக விழுகிறதாம். ஊரிலேயே நல்ல வெளிச்சம் எங்கள் வீட்டில்தான் என்று அப்பா இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தினமும் நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை நாங்கள் நால்வரும் சாப்பிடுவது போல உட்கார வேண்டும். அப்பா உடனே சம்மதித்தார்.

"சும்மா இருக்கதுக்கு ஒரு வேலை கெடைச்சிருக்கு. விடுவேனா."

நவம்பர் 17, திங்கள்

முதல் நாளே குழப்பம். படம் எடுப்பது என்றால் ஸ்டுடியோவுக்குப் போவது போலத்தானே என்று அம்மா கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். அப்பா தலையில் எண்ணெய் வழிந்தது. எனக்கு இரட்டைச் சடை, ரிப்பன். ஆவுடைக்குக் கன்னத்தில் பொட்டு.

ஓவியர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "நீங்கள் தினமும் இருப்பது போல இருந்தால் போதும்" என்றார். அம்மா பட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று எங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவை: டி.வி., மிக்ஸி, மின்விசிறி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நீலக் குடம், சுவரில் இருந்த நகைக்கடைக் காலண்டர், அப்பாவின் செல்போன். எல்லாவற்றையும் மாட்டுக்கொட்டிலில் வைத்துத் தார்ப்பாயால் மூடினோம்.

வீட்டுக்குள் வந்தவை: ஓர் அரிக்கேன் விளக்கு (ஓவியர் சென்னையிலிருந்து கொண்டுவந்தது), ஒரு மண்பானை. மண்பானைக்காக நானும் ஆவுடையும் பதினோரு வீடு ஏறி இறங்கினோம். கடைசியில் மோர் விற்கும் அக்கா கொடுத்தாள். படம் முடிந்ததும் கழுவாமல் திருப்பித் தர வேண்டும், கழுவினால் மோரின் பதம் போய்விடும் என்று சொல்லியனுப்பினாள்.

அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டை எங்கய்யா கொண்டு போனீய?" என்று கேட்டார். ஓவியருக்கு அது நகைச்சுவை என்று புரிய அரை நிமிடம் ஆனது. பிறகு நன்றாகச் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

நவம்பர் 19, புதன்

ஓவியர் ஒரு தடித்த புத்தகம் காட்டினார். வெளிநாட்டுக் கிராமத்துக் குடும்பங்களின் ஓவியங்கள். எல்லாம் பழைய காலம். பெரும்பாலான படத்தில் ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு ரொட்டி. குடும்பம் முழுதும் ரொட்டியையே பார்க்கிறது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. காலணியில் கட்டாயம் ஓட்டை.

நான் கேட்டேன், படம் வரைந்து முடித்த பிறகு அந்த ரொட்டியை யார் சாப்பிட்டார்கள் என்று. அவர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். நல்ல கேள்வி என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். விடை தெரியவில்லை.

இரவு பெரியம்மா போன் செய்தாள். அம்மாவின் அக்கா, தங்கபுஷ்பம் பெரியம்மா. கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை. பிள்ளைகள் கிடையாது. ஆவுடையை அரையாண்டு விடுமுறைக்கு அழைத்துப் போவதாகவும், பிடித்துவிட்டால் அங்கேயே பள்ளியில் சேர்த்து வளர்ப்பதாகவும் சொன்னாளாம். அப்பா, "பாப்போம்" என்றார். அம்மா, "ஆகட்டும்" என்றாள்.

அங்கே மாடி இருக்கிறது. தினமும் கடலைமிட்டாய். இங்கிலீஷ் மீடியம். ஆவுடைக்கு மிகவும் நல்லது. எனக்கும் பாயில் இடம் நிறையக் கிடைக்கும், அவள் தூக்கத்தில் உதைப்பாள். ஒரு குறையும் இல்லாத ஏற்பாடு. எழுதும்போது இருமல் வந்ததால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

அப்பாவைச் சோகமாக இருக்கச் சொன்னார் ஓவியர். அப்பா முயன்றார். மீசை துடித்தது. ஏதாவது துக்கமான விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா கண்ணை மூடி நினைத்தார். பிறகு குபீரென்று சிரித்துவிட்டார்.

"மச்சினன் மொத மொதல்ல சைக்கிள் ஓட்டுனது நெனவுக்கு வந்துட்டு சார். துக்கம்தான் அது. அவனுக்குப் பல்லு போச்சு."

அம்மாவுக்கும் சிரிப்பு. எனக்கும். ஓவியர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். நாளைக்கு அப்பாவை ஜன்னல் பக்கம் பார்க்க வைத்தால் வெயில் கூசும், முகம் தானாகச் சுருங்கும் என்று கண்டுபிடித்தது நான்தான்.

நவம்பர் 22, சனி

என் யோசனை பலித்தது. அப்பா மிகவும் துயரமாக இருக்கிறார்.

நவம்பர் 23, ஞாயிறு

தட்டு நான்கு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கஞ்சி இருந்தால் படம் இயல்பாக இருக்கும் என்று ஓவியர் சொன்னார். அம்மா கரண்டியால் அளந்து ஊற்றினாள். அவர் வண்ணம் குழைப்பதற்குள் ஆவுடை தன் தட்டைக் குடித்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள். பிடித்துக்கொண்டு வந்தோம். அம்மா தன் தட்டிலிருந்து அவள் தட்டில் ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டு ஓடிவிட்டாள். மூன்றாவது முறை அப்பா தட்டிலிருந்து.

"படத்துக்கு வைத்ததைக் குடிக்கிறாளே" என்று ஓவியர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். என் தட்டு மட்டும் அப்படியே இருந்ததால் அதைப் பார்த்து வரைந்துகொண்டார். ஒளி போனதும் நான் அதை அவளுக்குக் கொடுத்தேன். எனக்குப் பசி இல்லை. இல்லை, கொஞ்சம் இருந்தது. உண்மையை எழுத வேண்டும்.

நவம்பர் 24, திங்கள்

ஓவியர் ஓர் உபாயம் சொன்னார். தட்டில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினால் பார்க்கக் கஞ்சி போலவே இருக்கும், யாரும் குடிக்க மாட்டார்கள். அம்மா இவ்வளவு நாளில் முதல்முறையாக அவரை மறுத்து எழுந்து நின்றாள்.

"சோத்துத் தட்டுல சுண்ணாம்பு விடக் கூடாது சார்."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். ஆவுடை தட்டை மட்டும் காலியாக வைத்தார்கள். ஆவுடை காலித் தட்டின் முன்னால் உட்கார மறுத்துவிட்டாள். அதில் நியாயம் இருக்கிறது.

நவம்பர் 26, புதன்

கிழிந்த சேலை ஒன்று வேண்டும் என்று கேட்டார். அம்மா பெட்டியிலிருந்து பழைய பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை ஜன்னலில் விரித்துப் பிடித்து, கிழிசல் எங்கே என்று தேடினார். கிடைக்கவில்லை. அம்மா தைத்தால் கிழிசல் எங்கே போனதென்று சேலைக்கே தெரியாது. அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கிழிசலை நான் வரைந்துகொள்கிறேன் என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அம்மா டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ரேஷன் அரிசி மாதக் கடைசி வாரத்துக்கு வருவதில்லை. இனி ஒன்றாம் தேதிதான்.

சாயங்காலம் ஓவியர் வந்தார். அம்மாவிடம், "இத்தனை நாள் உங்களைத் தொந்தரவு செய்கிறேன். ஏதாவது வாங்கிவந்து தரலாமா? அரிசி, பருப்பு?" என்று கேட்டார்.

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "அரிசி நிறைஞ்சிருக்கு சார்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பருப்பு?"

"அதுவும் நிறைஞ்சிருக்கு."

"எண்ணெய்?"

"எல்லாம் நிறைஞ்சிருக்கு சார்."

அவர் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு, இவ்வளவு எளிய வாழ்க்கையில் இவ்வளவு நிறைவு என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அதற்குள் கரண்டு போனது. ஓவியர் உற்சாகமாகத் தன் அரிக்கேன் விளக்கை எடுத்து ஆட்டிப் பார்த்தார். அதில் மண்ணெண்ணெய் நிறைந்திருந்தது (மாற்றிப் படிக்கவும்).

எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும் நிறைந்திருக்கின்றன (மாற்றிப் படிக்கவும்).

நவம்பர் 29, சனி

கடைசி நாள். நாங்கள் மூவரும் முடிந்துவிட்டோம். ஆவுடையை மட்டும் அவரால் பிடிக்க முடியவில்லை. ஒரு காது, பாதி முதுகு, ஒரு பாதம் தாளில் கிறுக்கி வைத்திருக்கிறார். பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். படத்தை எங்களுக்குக் காட்டவில்லை. கண்காட்சியில் பார்க்க வேண்டுமாம். டிசம்பர் இருபத்தெட்டு, தூத்துக்குடி.

டி.வி. திரும்ப உள்ளே வந்தது. தார்ப்பாய்க்கு அடியில் பல்லி முட்டையிட்டிருந்தது. மோர் அக்காவின் பானையைக் கழுவாமல் கொடுத்தேன்.

டிசம்பர் 6, சனி

மழை. ஒன்றுமில்லை.

டிசம்பர் 13, சனி

அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஆவுடை என் முதுகில் சாய்ந்துகொண்டு சிலேட்டில் எழுதுகிறாள். 'ஆ' போடத் தெரிந்துவிட்டது. கீழ்ச்சுழியைச் சிலேட்டைத் தாண்டித் தன் பாதம் வரை இழுத்துக்கொண்டு போகிறாள்.

கோவில்பட்டியில் மாடிப்படி எத்தனை என்று கேட்டாள். பதினெட்டு என்றேன். அங்கே அக்கா எங்கே படுப்பாள் என்றாள். அக்கா வரமாட்டாள் என்றேன். அப்படியானால் பெரியம்மாவை இங்கே வரச் சொல், மாடியையும் எடுத்துக்கொண்டு வரச் சொல் என்றாள். எனக்கு மறுபடி இருமல்.

டிசம்பர் 22, திங்கள்

தேர்வு முடிந்தது. தமிழில் மங்கலம் பற்றி இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தது. மூன்று பக்கம் எழுதினேன். எஸ்தர் டீச்சர் கோபிக்கலாம்.

பெரியம்மா போன் செய்தாள். அவளும் இருபத்தெட்டாம் தேதி தூத்துக்குடிக்கே வந்து, படத்தையும் பார்த்துவிட்டு, அங்கிருந்தே ஆவுடையைக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போய்விடுவாளாம். ஒரே அலைச்சலில் இரண்டு வேலை. அம்மா, "ஆகட்டும் யக்கா" என்றாள். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள்.

அப்பா அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். மழைக்காலம் வருசா வருசம் வரும், அங்கேயாவது பிள்ளை மூன்று வேளை தின்னட்டும் என்றார். அம்மா ஆவுடையின் பாவாடைக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வளர்ந்தால் பிரித்து நீளமாக்க வசதியாக உள்ளே நிறைய மடித்தாள்.

டிசம்பர் 27, சனி

மஞ்சள் பையில் வைத்தவை: பாவாடை சட்டை நான்கு, சிலேட்டு, சீப்பு, ஆவுடையின் தட்டு. தட்டை நான்தான் எடுத்து வைத்தேன். அம்மா அதை வெளியே எடுத்து அடுக்களையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடி பைக்குள் வைத்தாள்.

அரிசி நிறைந்திருக்கிறது (மாற்றிப் படிக்கவும்).

டிசம்பர் 28, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுவதற்கு ரோடுதான் காரணம். முதலில் ஒரு திருத்தம்: நவம்பர் பத்தொன்பதாம் தேதியும் டிசம்பர் பதின்மூன்றாம் தேதியும் இருமல் என்று எழுதியிருக்கிறேன். அது இருமல் அல்ல.

கண்காட்சி ஒரு பெரிய கூடத்தில். தரை வழுவழு. ஆவுடை உடனே சறுக்கிப் பார்த்தாள். பெரியம்மா எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். புதுச் சேலை. ஆவுடைக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தாள், பூப்போட்டது. அளவு சரியாக இருந்தது. அம்மாவை நூலால் அளக்கச் சொல்லி, போனில் அளவு கேட்டு வாங்கினாளாம்.

எங்கள் படம் எதிர்ச் சுவரில். முதலில் அது நாங்கள் என்றே தெரியவில்லை. ஜன்னல்தான் அடையாளம் காட்டியது. வெளிச்சம் அப்படியே எங்கள் வீட்டு வெளிச்சம். அதை மட்டும் அவர் பொய்யில்லாமல் வரைந்திருக்கிறார். அப்பா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் ஒருவர் அந்த முகத்தைக் காட்டி, தலைமுறைத் துயரம் என்றார். அப்பா அவருக்குப் பின்னால் நின்று, "மீசையக் கொறைச்சுட்டாரே" என்றார். அம்மா படத்தின் அருகே போய், தன் சேலையில் வரைந்திருந்த கிழிசலை விரலால் தொட்டாள். உள்ளே ஊசி விட்டு இழுக்க முடியுமா என்று பார்ப்பது போல இருந்தது.

பெயர்ப் பலகையில் 'நிறைவு' என்று எழுதியிருந்தது.

கண்ணாடி போட்ட ஓர் அம்மா எங்களுக்குப் பக்கத்தில் நின்று தன் தோழியிடம் சொன்னார்: "அந்த நாலாவது தட்டைப் பாருங்க. தட்டு இருக்கு, முன்னால ஆள் இல்ல. அதுதான் படமே."

அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு காலித் தட்டு. தட்டுக்குப் பின்னால் தரை. தரையில் வெளிச்சம்.

ஆவுடை எண்ணிப் பார்த்தாள். விரலை மடக்கி மறுபடியும் எண்ணினாள்.

"அது என் தட்டு. நான் எங்க?"

கூட்டத்திலிருந்து ஓவியர் வேகமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆவுடையின் முன் குனிந்து, "நீதான் உட்காரவே இல்லையே" என்றார். பிறகு அம்மாவிடம், தலைப்பு பிடித்திருக்கிறதா, அது உங்கள் சொல்தான், எத்தனை முறை கேட்டாலும் எல்லாம் நிறைந்திருக்கிறது என்று சொன்னீர்களே என்றார்.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாயை மூட வேண்டியிருக்கும். எஸ்தர் டீச்சரிடம் பதில் சொல்வது போலக் கையைக் கட்டிக்கொண்டு, "சார், அது மங்கல வழக்கு" என்றேன். விளக்கைக் குளிர வைப்பதிலிருந்து தொடங்கி அரிசி வரைக்கும் சொன்னேன். தேர்வில் எழுதியதைவிடச் சுருக்கமாகவே சொன்னேன்.

அவர் முதலில் தலையாட்டிக்கொண்டு கேட்டார். நடுவில் தலையாட்டுவது நின்றது.

"அப்படியென்றால் அன்று... அரிசி?"

"நிறைஞ்சிருந்துச்சு சார்."

அவர் படத்தைப் பார்த்தார். என் தட்டில் இருந்த கஞ்சியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏன் அம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்றார்.

அம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சொன்னேனே சார்" என்றாள்.

ஓவியர் பெயர்ப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பிடித்துக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அதைச் சட்டைப் பையில் போட்டார். அது பெரியதாக இருந்ததால் போகவில்லை. கண்காட்சி முடிந்ததும் படத்தோடு ஊருக்கு வருகிறேன், உன்னைச் சேர்த்து வரைகிறேன், உட்காருவாயா என்று ஆவுடையிடம் கேட்டார்.

"கஞ்சி ஊத்துனா உக்காருவேன். சுண்ணாம்பு ஊத்துனா ஓடிருவேன்."

அப்பா சிரித்தார். ஓவியர் சிரிக்கவில்லை. சரி என்று கையடித்துக் கொடுத்தார்.

பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் எட்டுக்குள் கோவில்பட்டி. அப்பா கையிலிருந்த மஞ்சள் பைக்குக் கை நீட்டினாள். அப்பா கொடுத்துவிட்டார்.

"ஏளா சுயம்பு, பொழுது போவுது. பிள்ளையக் குடு."

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டை. ஆவுடையின் கை அம்மா கையில் இருந்தது. அவள் விரல்கள் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தாள்.

"இல்ல யக்கா" என்றாள்.

நான் பிறந்து பதினான்கு வருடத்தில் முதல்முறை. பெரியம்மாவுக்குக் கேட்கவில்லையோ என்னவோ, "என்ன இல்ல?" என்றாள்.

"குடுக்கதுக்கு எங்கிட்ட பிள்ளை இல்ல யக்கா. ரெண்டு இருக்கு. ரெண்டும் எனக்கு வேணும்."

பெரியம்மாவும் அந்தத் தட்டைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் அப்படி ஒரு தட்டு பல வருடமாக இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பையை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பெரிய கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து ஆவுடையிடம் கொடுத்தாள்.

"செருப்பக் கழட்டிராதட்டி. அது ஒனக்கு வாங்குனது. லீவுக்காவது வருவியா?"

"நாலு பேருமா வாரோம்" என்றாள் அம்மா. "நாளான்னைக்கே வாரோம். பத்து நாளு இருப்போம். அப்புறம் நீயே தொரத்துவ."

"தொரத்துதேன் பாரு" என்று பெரியம்மா அம்மாவின் கன்னத்தில் ஒரு குத்துக் குத்தினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். அப்பா, "மதினி, நான் கடலை நல்லா வறுப்பேன்" என்றார். தன் கடையில் தை வரைக்கும் ஆள் தேவைதான் என்று பெரியம்மா சொன்னாள். இதை யாரும் இத்தனை நாள் யோசிக்கவில்லை. பிள்ளை அங்கே போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது பஸ்ஸில் ஆவுடை அம்மா மடியில். புதுச் செருப்போடு தூங்குகிறாள். ஓடுகிற கனவு போலிருக்கிறது, ஒரு கால் என் டைரியை உதைக்கிறது. அம்மா அவளை அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். மஞ்சள் பை அப்பா மடியில். உள்ளே தட்டு சிலேட்டில் மோதி டங் டங் என்கிறது.

வீட்டில் அரிசி நிறைந்திருக்கிறது (மாற்றிப் படிக்கவும்).

வீடும் நிறைந்திருக்கிறது (இதை மாற்ற வேண்டாம்).

இன்னும் நிறைய எழுத இருக்கிறது. கூடத்தின் தரையில் ஆவுடை சறுக்கி விழுந்ததையும், ஓவியர் எங்களை பஸ் ஏற்றிவிட வந்து வேறு பஸ்ஸுக்கு டாட்டா காட்டியதையும் விரிவாக எழுத வேண்டும். ஆனால் பஸ் தூத்துக்குடி எல்லையைத் தாண்டிவிட்டது. டிரைவர் உள்ளே எல்லா விளக்கையும் குளிர வைத்துவிட்டார்.